தரை தெரியும் இடங்கள்

பிப்ரவரி 9

ரேடியோவுக்கு,

உன்னை இந்தப் பெயரில் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. உன் அண்ணன் வைத்த பெயர். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதுவும் சரிப்படாவிட்டால் நீயே கிழித்துப் போட்டுக்கொள்.

பதின்மூன்று வருஷம் கழித்து அண்ணிக்கு என்ன திடீர் ஞானோதயம் என்று நினைப்பாய். காரியம் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் ஆபீஸ் அக்கவுண்டன்ட் அம்மா தன் தங்கையின் கல்யாண டிஸ்க்கைக் கொண்டுவந்து காட்டினார். அட்டையில் கடையின் விலாசம் இருந்தது. எடிட்டிங் என்று போட்டு உன் பெயரும் இருந்தது. பேசிப் பேசியே காதைத் தேய்த்த பெண் இப்போது அடுத்தவர் பேச்சை வெட்டி ஒட்டுகிறாளா என்று சிரிப்பு வந்தது.

இதோடு வரும் செருப்புப் பெட்டியில் உன் அண்ணன் எடுத்த வீடியோ காசெட்டுகள் இருக்கின்றன. பெரும்பாலானதை நான் பார்த்ததே இல்லை. அவர் இருந்தவரை நேரமில்லை, அவர் போன பிறகு தைரியமில்லை.

குட்டிக்குப் பதினேழு வயதாகிறது. ஜூனில் வெளியூர் ஹாஸ்டலுக்குப் படிக்கப் போகிறாள். அவர் போனபோது அவளுக்கு மூன்று வயது. அவளுக்கு அப்பா என்றால் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு போட்டோ, அவ்வளவுதான். வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் அவள் அப்பாவை அவள் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். இந்தப் பெட்டியை விட்டால் வேறு வழி கிடையாது.

நன்றாகச் செய்து அனுப்பு. உனக்குத் தெரியாததா.

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் ஒன்று கத்துவேன், இல்லை அழுவேன். இரண்டுக்கும் இப்போது எனக்குத் தெம்பில்லை.

அண்ணி


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. மேலே உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதலாளி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு உடம்பு சரியில்லை என்று இங்கே அர்த்தம்.

எங்கள் கடை ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை. ஒன்றில் கம்ப்யூட்டர், நான், ஒரு மின்விசிறி. மின்விசிறி என்னைவிட அதிகமாகப் பேசும். இன்னொன்றில் வயர், வயர், மேலும் வயர். நீங்கள் செருப்புப் பெட்டியில் போட்டு அனுப்பியதால் கீழ்க்கடைப் பையன் தங்களுக்கு வந்த சரக்கு என்று பிரிக்கப் பார்த்தான். நல்ல வேளை, நான் படியில் இருந்தேன்.

அண்ணி, உங்கள் வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவரைப் போல ஒரு கேமராமேனை இந்தத் தொழிலில் நான் பார்த்ததே இல்லை. கேமராவில் கண்ணை வைக்க வேண்டும் என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன் காம்பைப் பல்லில் கடித்துக்கொள்வான், ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி இல்லாமல், பதிவாகிறது என்று காட்டும் சிவப்புப் புள்ளி எப்படித் தெரியும்? பட்டனை அழுத்துவான், ஓடுகிறதா இல்லையா என்று தெரியாமல் இன்னொரு தரம் அழுத்துவான். அவ்வளவுதான், அன்றைக்குப் பூராவும் எல்லாம் தலைகீழ். எடுப்பதாக நினைக்கும்போது கேமரா தூங்கும். அணைத்துவிட்டதாக நினைத்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கும்போது முழித்துக்கொண்டு தரையை எடுக்கும். குட்டியின் முதல் பிறந்தநாள் காசெட்டில் கேக் இல்லை, மெழுகுவத்தி இல்லை. நாற்காலிக் கால்கள்தான் இருக்கின்றன. அதுவும் நல்ல தெளிவாக.

எங்கள் முதலாளிக்கு ஒரே ஒரு வேதம்: "தரை தெரிஞ்சா வெட்டு, தலை தெரிஞ்சா விடு." அதன்படி வெட்டித் தள்ளிவிட்டேன். முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் மிச்சம் இருப்பது இருக்கிறதே, அண்ணி, தங்கம். நீங்கள் எனக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறீர்கள். நான் வேலியில் போய் முட்டுகிறேன். நீங்கள் ஓடி வந்து என்னை விட்டுவிட்டு ஸ்கூட்டரைத் தூக்குகிறீர்கள்! இன்னொன்றில் ஒரே நிறத்தில் இரண்டு பேரும் உடுத்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து ஈரத் தலையைத் துவட்டுகிறோம். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியவில்லை, மூச்சு முட்டச் சிரிக்கிறோம். நம் இரண்டு பேருக்கும் நடுவில் குட்டி, பல் இல்லாத வாயைத் திறந்துகொண்டு. அந்த இடத்தை எத்தனை தரம் போட்டுப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

அண்ணன் எங்கேயும் இல்லை. கேமராவை யார் கையிலும் கொடுக்க மாட்டானே, கஞ்சன். அதனால் போட்டோக்களை நடுநடுவே சேர்த்து, புல்லாங்குழல் இசை போட்டு, டிஸ்க்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். குட்டிக்குப் பிடித்திருக்கிறதா என்று எழுதுங்கள். அவளுக்கு அத்தை என்று ஒருத்தி இருப்பது தெரியுமா?

உங்கள்
ரேடியோ


மார்ச் 11

மதிப்பிற்குரிய அம்மணிக்கு,

தாங்கள் அனுப்பிய டிஸ்க் கிடைத்தது. மிகவும் அழகாக இருக்கிறது. கல்யாண மண்டப வாசலில் போட்டுக் காட்டலாம். அவ்வளவு அழகு.

நானும் குட்டியும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். முடிந்ததும் அவள், "நல்லா இருக்கும்மா" என்றாள். பெரிய மனுஷி, என் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து, "இதுல அப்பா எங்கம்மா?" என்று கேட்டாள். அப்பாதான் கேமராவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றேன். "அப்ப பேசவே மாட்டாராம்மா?" என்றாள்.

நான் என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். அந்த மனுஷனா பேச மாட்டார்? பேசிக்கொண்டே தூங்குவார், தூங்கிக்கொண்டே பேசுவார். ஒரு வார்த்தை, ஒரு இருமல்கூட விட்டுவைக்காமல் துடைத்தெடுத்துவிட்டுப் புல்லாங்குழல் போட்டிருக்கிறீர்கள். யாருடைய புல்லாங்குழல் அது? அவருக்கும் புல்லாங்குழலுக்கும் என்ன சம்பந்தம்?

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். சொல்ல வைத்துவிட்டீர்கள். எனக்கு வேலை மாற்றல் வந்தபோது, "போங்க அண்ணி, குட்டியையும் கூட்டிக்கிட்டுப் போங்க, இங்க இருந்தா நீங்க செத்துருவீங்க" என்று சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது யார்? மறுநாள் பெட்டியோடு நான் வாசலில் நிற்கிறேன். உங்கள் அம்மா, "போறவ போகட்டும், எம் பேத்திய விட்டுட்டுப் போகட்டும்" என்கிறார். எட்டு வீட்டுக்குக் கேட்கப் பேசுகிறவர் நீங்கள். அன்றைக்கு ஊமைக் கோட்டான் போலத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அன்று உங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். இன்று அவர் வாயையும் மூடிவிட்டீர்கள்.

காசெட்டுகள் அனைத்தையும் உடனே திருப்பி அனுப்பி வைக்கவும். இங்கே வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணனின் மனைவி


மார்ச் 19

அண்ணி,

காசெட்டை அனுப்ப மாட்டேன்.

எனக்கு நீங்கள் "நீங்கள்" போட்டு எழுதிவிட்டீர்கள். அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம்.

நடந்ததைச் சொல்கிறேன். சத்தத்தை மூடிவிட்டுத்தான் எல்லாவற்றையும் பார்த்தேன். முதல் காசெட்டைப் போட்டதும், "ஏய் ரேடியோ, கொஞ்சம் வால்யூமைக் குறை" என்று அண்ணன் குரல் காதுக்குள்ளே வந்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒலியைத் திறக்கவே இல்லை. என்னால் முடியவில்லை அண்ணி. படத்தைப் பார்க்க முடிந்தது, சிரிக்கக்கூட முடிந்தது. குரல் மட்டும் முடியவில்லை.

நீங்களும் கடிதத்தில் குரல் வேண்டும் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. "நன்றாகச் செய்து அனுப்பு" என்றீர்கள். எனக்கு நன்றாகச் செய்வது என்றால் இரைச்சலை எடுப்பதுதான். பத்து வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.

இப்போது விஷயம் அதைவிடப் பெரிது. கண்ணாடிக் காம்பைக் கடித்துக்கொண்டு அவன் ஒழுங்காகப் படம் எடுத்த நேரத்தில் "ம்ம், ம்ம்" தவிர வேறு சத்தம் இருக்க வழியில்லை. அவன் வாய் திறந்து பேசியது எல்லாம் கேமராவை அணைத்துவிட்டதாக நினைத்த நேரத்தில்தான். அதாவது தரை தெரியும் இடங்களில். அதாவது நான் வெட்டி எறிந்த இடங்களில். கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று அவற்றை அவ்வப்போது அழித்துவிட்டேன். இனி காசெட்டிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்றே உட்கார்ந்தேன். எங்கள் கடை மெஷின் கிழடு. நாடாவும் கிழடு. பிறந்தநாள் காசெட்டைப் போட்டதும் கடித்து மென்றுவிட்டது. துண்டு துண்டாகக் கையில் வந்தது. அதை இனி ஒன்றும் செய்ய முடியாது. மற்றதை இந்த மெஷினில் போட எனக்கு உயிரே போகிறது. வேறு ஆளிடம் கொடுத்தாலும் அவரும் இப்படி ஒரு மெஷினில்தான் போடுவார்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. எந்தக் கேமராவில் எடுத்த நாடாவோ அந்தக் கேமராவிலேயே போட்டால் அது அலட்டிக்கொள்ளாமல் ஓடும். தன் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி. அண்ணனுடைய கேமரா இருக்கிறதா? படம் எடுக்காவிட்டால் பரவாயில்லை, ஓடினால் போதும்.

வாசல் விஷயம். மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அண்ணனும் போய், நீங்களும் போய், குட்டியும் போய்விட்டால் அந்த வீட்டில் மிச்சம் அம்மாவும் நானும்தான். போங்கள் என்று உள்ளே சொன்ன வாய்க்கு, நீங்கள் நிஜமாகவே பெட்டியைத் தூக்கியதும் பேச்சு வரவில்லை. போகாதீர்கள் என்றுதான் கத்த வந்தது. அதை எப்படிச் சொல்வேன்?

அம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது. உங்கள் பழைய விலாசத்துக்குச் சேதி அனுப்பினேன். நீங்கள் வரவில்லை. அன்றைக்கும் நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ரேடியோ


மார்ச் 30

ரேடியோ,

வேறு எந்தக் காசெட்டையும் எந்த மெஷினிலும் போடாதே. தொடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

கேமரா இருக்கிறது. குட்டி ஆறு வயதில் அதை எடுத்து விளையாடிக் கீழே போட்டு லென்ஸை உடைத்துவிட்டாள். அன்றைக்கு அவளை அடித்துவிட்டு நானும் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் போட்டவள்தான், எடுக்கவே இல்லை. நேற்று இறக்கினேன். பாட்டரி செத்துக் கிடக்கிறது. நேராகக் கரண்டில் மாட்டும் வயர் இருக்கிறது. மாட்டிப் பார்த்தோம். ஒரு பச்சை விளக்கு எரிந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தைரியமும் வரவில்லை.

கூரியரில் அனுப்ப மனம் ஒப்பவில்லை. தூக்கிப் போட்டுப் பந்தாடுவார்கள். நானே வரலாம் என்றால் வருஷக் கணக்கு முடிக்கிற நேரம், ஆபீஸில் லீவு கிடையாது. அது சாக்கு என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வாசலில் மறுபடி நிற்க எனக்குக் கால் வரவில்லை. உன் அம்மா போன சேதி சுற்றி வளைத்து வந்து சேர்ந்தது. வந்து நின்றால் யாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன். நாள் கடந்த பிறகு வருவதற்கு முகமில்லை.

குட்டியை அனுப்புகிறேன். பரீட்சை முடிந்துவிட்டது. நானே கொண்டுபோகிறேன் என்று அவள்தான் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அந்த ஊர்ப் பக்கம் அவளை அனுப்பவே கூடாது என்று இத்தனை வருஷம் வைராக்கியமாக இருந்தேன். எல்லாம் போயிற்று. வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருவாள். மடியில் கேமராவை வைத்துக்கொண்டு வரும் நெட்டைப் பெண்ணைப் பார். அவள்தான். நம் வீட்டில் யாருக்கும் இல்லாத உயரம்.

அவளுக்கு அத்தை என்று ஒருத்தி இருப்பது தெரியும். உன்னைப் பற்றிக் கெட்டதாக ஒன்றும் சொல்லி வளர்க்கவில்லை. நல்லதாகவும் சொல்லவில்லை, அது என் தப்புதான்.

அவளை அழ வைக்காதே. நீ அழுவாய், அதைத் தடுக்க முடியாது.

குரல் கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று நீயே அவளிடம் சொல்லிவிடு. என்னால் முடியாது.

அண்ணி


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

குட்டி கையிலேயே இதைக் கொடுத்து அனுப்புகிறேன். டிஸ்க்கும் அவளிடம் இருக்கிறது. முதலில் கடிதத்தைப் படியுங்கள், பிறகு அதைப் போடுங்கள்.

ஓடியது அண்ணி. அந்தக் கேமராவில் முதல் காசெட்டை வைத்து மூடியபோது என் விரல் பட்டனுக்குப் போகவில்லை. குட்டிதான் அழுத்தினாள். கிர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. கிழிந்ததைத் தவிர மீதி எல்லாம் வந்துவிட்டது. ஹெட்போன் ஒன்றுதான், ஆளுக்கொரு காதாகக் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டோம். வெயில் தாங்காது என்று மின்விசிறியைக்கூட அணைக்காதவள் நான். அன்றைக்கு அணைத்தேன்.

உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியாத ஒரு இடம். படத்தில் நம் வீட்டு மொசைக் தரை. அதில் உடைந்த கலர்ப் பென்சில் துண்டுகள். நடுவில் அண்ணனுடைய இரண்டு பெரிய பாதம், அந்தப் பாதத்தின் மேல் ஏறி நிற்கும் இரண்டு குட்டிப் பாதம். வேறு எதுவும் தெரியவில்லை. குரல் மட்டும்: "குட்டி, அம்மா வர்றாங்க. மூஞ்சிய நேரா வச்சுக்க. சிரிச்சே, மாட்டிக்குவோம். செவுத்துல நான்தான் கிறுக்கினேன்னு சொல்லிடறேன். ஏன்? ஏன்னா எனக்கு அடி கம்மியா விழும்." அப்புறம் உங்கள் செருப்புச் சத்தம். அப்புறம் உங்கள் குரல், "என்ன ரெண்டு பேரும் இப்பிடி நிக்கிறீங்க?" அவ்வளவுதான், இரண்டு பேரும் சிரித்துத் தொலைத்துவிடுகிறார்கள். குழந்தை எப்படிச் சிரிக்கிறது தெரியுமா? கேமராவே குலுங்குகிறது.

குட்டி அழவில்லை. திரும்பத் திரும்ப அந்த இடத்தையே போடச் சொன்னாள். நாடா தாங்காதுடி, கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது, அதில் கேள் என்று கொடுத்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அத்தை, அப்பா அம்மா மாதிரியே பேசுறாரு" என்றாள்.

அப்படியெல்லாம் இல்லை, அண்ணன் பேச்சே தனி என்று சண்டைக்குப் போனேன். அவள் விடவில்லை. நீங்கள் எதைச் சொன்னாலும் "ஏன்? ஏன்னா" என்று நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்வீர்களாம். அவள் தாமதமாக எழுந்தால், "வாங்க மகாராணி, எழுந்தாச்சா, உக்காருங்க" என்பீர்களாம். கோபம் வந்தால் உங்களுக்கு மரியாதை கூடிவிடுமாம். அண்ணி, அது அண்ணன் அல்லவா! எனக்குத் தெரிந்த நீங்கள் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவீர்கள். பாத்திரம்தான் பேசும். "ஏன்? ஏன்னா" எல்லாம் உங்களுக்குப் பிடிக்காது. பரீட்சைக் கேள்வித்தாள் மாதிரிப் பேசாதீர்கள் என்று அவனைத் திட்டுவீர்கள்.

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் வயர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீங்கள் அவளை அழ வைக்காதே என்றுதானே எழுதினீர்கள். அப்பா குரலையே கேட்காத பிள்ளை என்று நாம் இரண்டு பேரும் கிடந்து தவித்தோம். அவள் பதின்மூன்று வருஷமாக அதைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறாள்.

டிஸ்க்கில் இசை கிடையாது, போட்டோ கிடையாது, ஒரு இடத்தையும் வெட்டவில்லை. முதலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா, வெறும் தரையா ஓடுது?" என்றார். எங்க வீட்டுத் தரை சார் என்றேன்.

உங்கள்
ரேடியோ


ஏப்ரல் 21

ரேடியோ,

குட்டி நல்லபடியாக வந்து சேர்ந்தாள். வந்ததிலிருந்து அத்தை சொன்னாங்க, அத்தை செஞ்சாங்க என்று ஒரே பாட்டு. எனக்கு ஏற்கெனவே ஒரு ரேடியோ கொடுத்த தொந்தரவு போதாதா?

ஞாயிற்றுக்கிழமை அவளை வெளியே அனுப்பிவிட்டு நான் தனியாக உட்கார்ந்து போட்டேன். அவள் சொன்னதை நான் நம்பவில்லை. ஒரு பிள்ளை ஆசைக்கு ஏதோ சொல்கிறது என்றுதான் நினைத்தேன். கேட்டேன். நிஜம்தான். அவர் வாய்க்குள்ளிருந்து நான் பேசுகிறேன். நேற்று காலை குட்டியிடம் பேசிய அதே வார்த்தை, அதே இழுப்பு.

எப்படி ஆயிற்று என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் வீட்டில் நானும் அவளும்தான். எனக்குப் பேச ஒன்றும் இல்லை. நாள் பூராவும் சத்தமே இருக்காது. ஒருநாள் குட்டி பொம்மையிடம்கூட வாயைத் திறக்காமல் சைகையில் விளையாடிக்கொண்டிருந்தாள். பிள்ளை ஊமையாகிவிடும் போலிருக்கிறதே, யாராவது பேசியாக வேண்டுமே என்று நான் பேச ஆரம்பித்தேன். குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு அவர் அவளிடம் பேசிய பேச்சுதான். அதை எடுத்துக்கொண்டேன். முதலில் நடிப்பாக இருந்தது. எப்போது என்னுடையதாக ஆயிற்று என்று தெரியவில்லை.

அந்த டிஸ்க்கில் இன்னொரு குரலும் இருக்கிறது. குடையை மறந்துவிட்டு வந்ததற்காக அவரோடு சண்டை போடும் ஒருத்தி. வெடுக்கென்று இரண்டு வார்த்தை சொல்கிறாள், அப்புறம் மௌனம். அவர் பின்னாலேயே நடந்து கெஞ்சுகிறார். யார் இவள், நம் வீட்டில் இவளுக்கு என்ன வேலை என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன். அது நான்தான் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கே அடையாளம் தெரியவில்லை ரேடியோ. குட்டியும், "யாரும்மா அந்தக் கோவக்காரி?" என்று கேட்கிறாள்.

அவள் ஜூனில் போய்விடுவாள். அப்பாவை அவள் கையில் கொடுத்தாயிற்று. அவளுக்கு இனிக் கவலை இல்லை. இந்த வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். யாரிடம் யார் குரலில் பேசுவேன் என்று எனக்குத் தெரியவில்லை. என் பேச்சு எது, அவர் பேச்சு எது என்று பிரித்துச் சொல்ல இந்த உலகத்தில் உன்னை விட்டால் ஆள் இல்லை.

கிளம்பி வா.

அண்ணி